ஆறில்லா நாட்டின் ஆறு

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



 சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேச எம்மிலும் வல்ல பெரியோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். யாமோ பல்கலைக் கழகத்திலே புவியியல் பயிலும் மாணவர். ஆகவே, யாம் பயிலும் துறையிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். வடபகுதியின் ஆறுகளும் அவற்றின் நீரேந்து நிலங்களும் என்பதே அப்பொருள்.

இதனைச் செயலாளர் ஐயாவிடம் அறிவித்தபோது அவர் நகைத்தார். “ஆறே இல்லாத ஊரிலை ஆத்தைப் பற்றி என்னத்தைப் பேசப்போறீர், தம்பி?” என்றார். அவர் நகைத்ததிலே பிழையில்லை. ஆறில்லாத ஊரை ஔவையாரும் பாழ்பட்டவற்றுள் ஒன்றாகவே வைத்து எண்ணினார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும், அன்பர்களே, நமக்கு ஆறு இல்லை என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த ஒரு வார்த்தையே நமக்குப் பெருந்தீங்கு விளைத்துவிட்டது என்று யாம் கருதுகின்றோம். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

யாம் கல்வி பயின்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. அங்கே எமக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர் நைல் நதியையும் தேம்ஸ் நதியையும் மிஸிஸிப்பியையும் கரும்பலகையிலே கண்ணை மூடிக்கொண்டு வரையும் ஆற்றல் வாய்ந்தவர். யாமும் வரைந்தோம், புள்ளிகளும் பெற்றோம். தேம்ஸ் நதிக் கரையிலுள்ள நகரங்களை ஒப்புவிக்க எம்மால் இயலும். ஆனால் எமது பாடசாலைக் கூரையிலே விழுந்த மழை எங்கே போகின்றது என்று எவரும் எம்மைக் கேட்டதில்லை. யாமும் எவரையும் கேட்டதில்லை. இது அந்த ஆசிரியர் மீது குற்றம் கூறுவதன்று. தன் வீட்டு முற்றத்தை விட்டுத் தூர தேசத்தைப் படிப்பதே கல்வி என்று நம்மவர் எல்லோரும் கொண்டிருந்த எண்ணத்தின் விளைவே அது.

ஆறு என்பது யாது? கரைகளுக்கிடையே ஓடும் நீர் மாத்திரம் ஆறாகாது. வீட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள். முகட்டுக்கு இப்பக்கம் விழும் துளி இப்பக்கத்துத் தாழ்வாரத்துக்கும், அப்பக்கம் விழும் துளி அப்பக்கத்துத் தாழ்வாரத்துக்கும் வந்து சேர்கின்றது. நிலத்துக்கும் அவ்வாறே முகடுகள் உண்டு. ஒரு முகட்டுக்கு இப்பால் விழும் மழையனைத்தும் ஓரிடத்தே திரண்டு ஓடுமாயின், அவ்வளவு நிலமும் அவ்வாற்றின் நீரேந்து நிலமாகும். அந்நிலத்திலே காடு நின்றால் ஆறு தெளிந்து ஓடும். காட்டை வெட்டினால் மாரியிலே பெருக்கெடுத்துக் கோடையிலே வற்றும். நஞ்சைக் கொட்டினால் ஆறு நஞ்சாகும். ஆற்றைக் காப்பதென்பது கரையைக் காப்பதன்று. நீரேந்து நிலம் முழுவதையும் காப்பதாகும்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு முதலில் வன்னிப் பெருநிலத்தைப் பார்ப்போம். அங்கே ஆறுகளுக்குக் குறைவில்லை. தெற்கே அனுராதபுரப் பகுதியிலிருந்து வரும் அருவியாறு 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்கு அண்மையிலே மன்னார்க் கடலிற் கலக்கின்றது. மகாவலிக்கு அடுத்தபடி இலங்கையின் நீண்ட ஆறு அதுவே. சிங்கள மக்கள் அதனை மல்வத்து ஓயா என்பர். மன்னார் வயல்களை வாழ்விக்கும் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொடுப்பதும் அவ்வாறே. அதற்கு வடக்கே பறங்கியாறும் பாலியாறும் மேற்குக் கரையை நோக்கி ஓடுகின்றன. பாலியாற்றை மறித்தே வவுனிக்குளம் அமைந்தது. கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமாகப் பேராறு ஓடுகின்றது. அதனை மறித்து முத்தையன்கட்டுக் குளம் எழுந்தது. இவற்றுக்கு நடுவே, வவுனியாப் பக்கத்துக் காடுகளிலே தோன்றி வடக்கு நோக்கி வருவது கனகராயன் ஆறு. அதனை மறித்துக் கட்டியதே இரணைமடுக் குளம். 1902இல் தொடங்கிய அவ்வேலை 1921 வரை நீடித்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்தால் மிஞ்சிய நீர் ஆனையிறவுக் கடல்நீரேரியைச் சென்றடைகின்றது.

இவ்வாறுகள் எல்லாம் மாரியாறுகளே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையே இவற்றின் உயிர். மூன்று மாதம் பெய்வதைப் பன்னிரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளும் வித்தையைத்தான் நம் முன்னோர் குளம் என்று அழைத்தனர்.

இனி ஆனையிறவைக் கடந்து நமது குடாநாட்டுக்கு வருவோம். ஏறத்தாழ 1000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான நிலம் இது. மணற்குன்றுகளை நீக்கிப் பார்த்தால் இதன் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து 15 மீற்றரைத் தாண்டாது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இங்கே ஆறு என்று பெயர் பூண்டவை மூன்று உள. தொண்டைமான் ஆறும் உப்பாறும் பெயரளவில் ஆறுகள். உண்மையில் அவை கடல்நீரேரிகள். குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு வெட்டுவித்தமையால் தொண்டைமான் ஆறு என்ற பெயர் வந்தது என்பது செவிவழிச் செய்தி. மூன்றாவது வழுக்கியாறு. மாரியிலே மட்டும் ஓடினாலும், நிலத்து நீர் திரண்டு ஓடும் மெய்யான ஆறு அது ஒன்றே.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே யாமும் எமது வகுப்புத் தோழர் மூவருமாக அவ்வாற்றின் வழியே நடந்து பார்ப்பதென்று தீர்மானித்தோம். தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலி வரை ஏறத்தாழ 15 கிலோமீற்றர். வரைபடத்திலே நீலக்கோடு தெளிவாக இருந்தது. நிலத்திலே அதனைக் காணோம். ஓரிடத்தில் அது தோட்டத்து வேலியின் கீழ் ஒரு பள்ளம். இன்னோரிடத்தில் பிளாஸ்ரிக் பைகளும் உடைந்த ஓடுகளும் நிறைந்த ஒரு கான். பிறிதோரிடத்தில் யாரோ கட்டிய மதில் அதன் குறுக்கே நின்றது. வழியிலே மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒரு முதியவரிடம், “ஐயா, வழுக்கியாறு எது?” என்று கேட்டோம். அவர் எம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கள் அதுக்குள்ளைதான் நிக்கிறியள், தம்பிமார். கார்த்திகையிலை வாருங்கோ, காட்டுறன்” என்றார்.

கார்த்திகையிலே மீண்டும் போனோம். முன்னர் யாம் நின்ற இடத்திலே இடுப்பளவு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. இரு மருங்கும் வயல்கள் பச்சைப் பசேலென விளங்கின. கொக்குகளும் நாரைகளும் வந்திருந்தன. சிறுவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். 1917ஆம் ஆண்டளவிலே போல் பீரிஸ் அவர்கள் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்த கந்தரோடைப் பழங்குடியிருப்பு இவ்வாற்றுக்கு அருகே அமைந்ததற்குக் காரணம் அன்றுதான் எமக்குத் துலங்கியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே குடியேறியவர்கள் நம்மைப் போல, ‘ஆறு இல்லை’ என்று சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. நீர் நிற்கும் இடத்தைக் கண்டறிந்து அதனருகே வாழ்ந்தனர்.

ஆனால் வழுக்கியாறும் நமது பேராறன்று. நமது பேராறு நமது காலடியின் கீழே இருக்கின்றது. குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணக்கல். அக்கல்லிலே வெடிப்புகளும் துவாரங்களும் குகைகளும் நிறைய உள. மேலே பெய்யும் மழை மண்ணினூடே வடிந்து அவ்வெடிப்புகளிலே தங்குகின்றது. அதற்குக் கீழே, கடல் சூழ்ந்திருப்பதால், உப்புநீர் இருக்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. உப்புநீர் பாரம் கூடியது. ஆகவே பாலின் மேல் ஆடை மிதப்பது போல, உப்புநீரின் மேல் நன்னீர் வில்லை வடிவிலே மிதந்து நிற்கின்றது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறைத் தீவு ஆகிய நான்கு இடங்களிலே இத்தகைய நன்னீர் வில்லைகள் உள. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பது இவ்வுண்மைக்குச் சான்றாகும். கீரிமலைக் கேணியிலே ஆடி அமாவாசைக்கு நீராடுவோர், உப்புக்கடல் ஓரத்திலே நன்னீர் ஊற்றெடுப்பதை அதிசயம் என்பர். நிலத்தின் கீழே வரும் நமது ஆறு கடலோடு கலக்கும் கழிமுகமே கீரிமலை என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது அறிவியல் விதி. மறுபுறமாகவும் இக்கணக்கைப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கிலே கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறி வரலாம். துலா மிதித்து நீர் இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே அளவுகோலாக இருந்தது. 1950களுக்குப் பின் இறைப்பு யந்திரங்கள் பரவின. யந்திரத்துக்குக் களைப்பில்லை. இனிப்பான கிணறுகள் பல பங்குனி, சித்திரையிலே உவர்த்துப் போவதன் காரணம் இதுவேயாகும்.

உப்பு மாத்திரமன்று. தோட்டங்களுக்கு நாம் அளவின்றி இடும் பசளையும், கிணற்றுக்குப் பக்கத்திலே வெட்டும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறி நிலத்தடி நீரிலே கலக்கின்றன. குடிநீரிலே அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டி வருகின்றனர். கைக்குழந்தைகளுக்கு இது பெருங்கேடு. சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வழக்கிலே இலங்கை உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது. ஒரு முற்றத்திலே சிந்தியது பல ஊர்க் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்ததென்றால், அதன் பொருள் யாது? அது தனித்தனிக் கிணறுகள் அன்று. ஒரே நீர் என்பதன்றோ? நம் வேலிகள் எல்லாம் நிலத்துக்கு மேலேதான். நிலத்தின் கீழே வேலியில்லை.

ஆக, நமக்கும் ஆறு உண்டு. அதன் நீரேந்து நிலம் நமது முற்றங்களும் தோட்டங்களும் தரவைகளும் குளங்களுமேயாம். குடாநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள. அவற்றைக் குளிப்பதற்கும் மாடு நீர் அருந்துவதற்கும் மாத்திரம் வெட்டியதாக நாம் எண்ணுகின்றோம். மாரிவெள்ளம் கடலுக்கு ஓடாமல் நின்று, மெல்ல மெல்ல வடிந்து, நிலத்தடி ஆற்றை நிரப்புவதற்குரிய வாயில்களும் அவையே. கோயிலுக்கு அருகே கேணியும், கேணிக்கு அருகே ஆவுரஞ்சிக்கல்லும் அமைத்த முன்னோர் நீரைப் பக்தியோடு மாத்திரமன்று, கணக்கோடும் போற்றினர். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் ஒழுங்கும் இதுவே.

இனி, நமது காலத்திலே பெருஞ்சர்ச்சைக்கு உள்ளான ஒரு விடயத்தைத் தொட வேண்டியிருக்கின்றது. கனகராயன் ஆற்றின் நீர் வீணே கடலுக்குச் செல்வதைக் கண்டு, அதனைக் குடாநாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் பழையது. அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளராகிய சண்முகம் ஆறுமுகம் அவர்கள். ஆனையிறவுக் கடல்நீரேரியின் இரு வாய்களையும் மறித்து உப்புநீரைத் தடுப்பது. அதிலே திரளும் ஆற்றுநீரை முள்ளியான் வாய்க்கால் மூலம் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை இட்டு அந்நீரைக் காப்பது என்பதே அவரது திட்டம். குளம் வான் பாய்ந்தபின் மிஞ்சுவதைத்தான் அவர் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். இரு தடுப்பணைகளும் 1950களிலே எழுந்தன. ஆனையிறவு வேலை 1960களிலே பெரும்பாகம் நடந்தும் முற்றுப்பெறவில்லை; சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் கொண்டுபோயிற்று. பின்னர் வந்த போர் எல்லாவற்றையும் மறக்கச் செய்தது.

போர் ஓய்ந்தபின், 2010களிலே, இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாய் வழியாகக் குடிநீர் கொண்டுவரும் யோசனை எழுந்தது. கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். தங்கள் சிறுபோகத்துக்கே நீர் போதாது என்றனர். ஈற்றிலே கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவு செய்யப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல நிலையம் 2024ஆம் ஆண்டு தாளையடியிலே திறக்கப்பட்டது. அது நல்ல காரியமே. ஆயினும் கடல்நீரை நன்னீராக்குவதற்கு மின்சாரம் பெருவாரியாக வேண்டும் என்பதையும், மேகம் அதனையே நமக்கு ஆண்டுதோறும் இலவசமாகச் செய்து தருகின்றது என்பதையும் மறந்துவிடலாகாது.

எமது விடுதியிலே கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு தோழர் இருக்கின்றார். அவருடைய தந்தையார் இரணைமடுவின் கீழே வயல் செய்பவர். ஒருநாள் இரவு இச்சர்ச்சை எழுந்தது. யாமோ குடிநீருக்குத் தவிக்கும் மக்களுக்கு நீர் தர மறுப்பது அறமா என்று மிக உருக்கமாக வாதித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்கடை குளங்களையெல்லாம் மூடிப்போட்டு, எங்கடை குளத்துத் தண்ணியைக் கேக்கிறியளோ?” என்றார். எமக்கு விடை வரவில்லை. அவர் மேலும், “என்ரை பூட்டனார் யாழ்ப்பாணத்திலை காணி இல்லாமல்தான் இங்கை வந்து காடு வெட்டினவர்” என்றார். உண்மைதான். குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் பொருட்டு 1936ஆம் ஆண்டு குடியேற்றத் திட்டமாக உருவான ஊரே கிளிநொச்சி. காட்டையும் நுளம்பையும் எதிர்த்து நின்று அதனை வயலாக்கியவர்கள் நம்மவரே. நாம் இட நெருக்கத்துக்கு அஞ்சி அனுப்பிவிட்ட உடன்பிறப்பிடம், தாகம் வந்தபோது உரிமை பேசிச் சென்றோம் என்பதே அவர் வார்த்தையின் பொருள்.

அவ்விரவு எமக்கு நித்திரை வரவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்ததும் முதல் வேலையாக நமது குளக்கட்டிலே போய் நின்றோம். பெரியோர்களே, இனி யாம் சொல்லப்போவதைச் சிறுவர் பேச்சென்று பொறுத்தருள வேண்டும்.

1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே இவ்வூர் முழுவதும் வெளியேறியது. திரும்பி வந்தபோது பல வீடுகள் கற்குவியலாகக் கிடந்தன. அவ்விடிபாடுகளை எங்கே கொட்டுவது? வீதியிலே கொட்ட முடியாது. தோட்டத்திலே கொட்ட முடியாது. நீரற்றுக் கிடந்த குளத்தின் வடகீழ் மூலையிலே கொட்டினார்கள். சில ஆண்டுகள் சென்றபின், போரினால் எல்லாவற்றையும் இழந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடமாயினும் வேண்டும் என்று எண்ணிய நமது சங்கத்துப் பெரியோர்கள் அதன்மேல் செம்மண் பரப்பிக் கரப்பந்தாட்ட மைதானம் அமைத்தனர். அன்பினாலே செய்த காரியம் அது. யாமும் அம்மைதானத்திலேயே வளர்ந்தோம். எமது முதற் பரிசும் அங்கேயே பெற்றோம். ஆனால் குளத்துக்கு வெள்ளம் வரும் வாய்க்கால் அந்த மூலையிலேதான் நுழைந்தது என்பதை எமக்குச் சொன்னவர் எமது தந்தையார். அது எமக்குத் தெரிந்தது இவ்வாண்டிலேதான்.

வாய்க்கால் அடைபட்டமையால் நேர்ந்தது யாது? மாரியிலே குளம் பாதியும் நிரம்புவதில்லை. அக்குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகள் பங்குனியிலேயே உவர்க்கின்றன; தாய்மார்கள் பவுசருக்காகக் குடத்தோடு காத்து நிற்கின்றார்கள். குளத்துக்குப் போக வேண்டிய வெள்ளமோ போக இடமின்றிக் கீழ் ஒழுங்கைக்குள் புகுகின்றது. 2024ஆம் ஆண்டு கார்த்திகை மழையிலே அவ்வொழுங்கை வீடுகளிலே முழங்கால் அளவு நீர் நின்றதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். அன்று சங்கத்தார் சமைத்த உணவைச் சுமந்துகொண்டு சென்றவர்களுள் யாமும் ஒருவர். பசித்தவர்க்குச் சோறு கொடுத்தோம் என்று மகிழ்ந்தோம். அவ்வெள்ளத்தை அவ்வீடுகளுக்கு அனுப்பியது நமது மைதானம் என்பதை அன்று அறியவில்லை. ஒரே மண்மேடு மாரியிலே வெள்ளத்தையும் கோடையிலே தாகத்தையும் தருகின்றது.

பிறரைக் குறை கூறுமுன் எம்மைக் கூறிவிடுகின்றோம். எமது தமக்கையாரின் கலியாணத்துக்காக எமது வீட்டு முற்றம் முழுவதும் சீமெந்து இடப்பட்டது. அதுவரை மண்ணிலே ஊறிய மழை இப்போது வாசற்படியைக் கடந்து வீதிக்கு ஓடுகின்றது. எமது மலசலகூடக் குழியும் கிணற்றிலிருந்து இருக்க வேண்டிய தூரத்திலே இல்லை. புவியியல் படிக்கும் மாணவரின் வீட்டு நிலை இது. ஆகவே யாம் நீதிபதியாக இங்கே நிற்கவில்லை. குற்றவாளிகளுள் ஒருவராகவே நிற்கின்றோம். இவ்விடுமுறையிலே முற்றத்துச் சீமெந்தின் ஒரு பாகத்தை உடைத்து, கூரைநீர் இறங்கக் கல்லும் மணலும் இட்ட ஒரு குழி வெட்டினோம். அம்மாவுக்கு முற்றம் அழுக்காகிறது என்று மனவருத்தம். ஆனால் சென்ற மழைக்கு நீர் வீதிக்கு ஓடவில்லை என்பதை அவரே அயலவருக்குச் சொல்லக் கேட்டோம்.

சங்கத்தின் முன் யாம் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கே.

முதலாவது, அந்த மூலையைக் குளத்துக்குத் திருப்பிக் கொடுப்போம். வருகின்ற ஆடி, ஆவணியிலே, நிலம் காய்ந்திருக்கும்போது, வாலிபர்கள் மண்வெட்டி எடுப்போம். வாய்க்காலைத் திறப்பதற்கு வேண்டிய அளவு மண்ணையும் கல்லையும் அகற்றுவோம். அரச அனுமதி பெற வேண்டிய இடத்திலே பெரியோர்கள் கமநல சேவை நிலையத்தோடும் பிரதேச சபையோடும் பேசி உதவ வேண்டும். மைதானத்துக்கு வேறிடம் கிடைக்கும் வரை வீதியோரத்திலே விளையாடவும் எமது அணியினர் சம்மதித்துவிட்டார்கள்.

இரண்டாவது, நமது ஊரின் குளம், கேணி, துரவு, வெள்ளவாய்க்கால் அனைத்தையும் கணக்கெடுத்து ஒரு படம் வரைவோம். எந்த வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது இன்று முதியோர்களின் நினைவிலே மாத்திரம் இருக்கின்றது. அவர்களைக் கேட்டு எழுதி வைக்க நமக்கு நாள் அதிகம் இல்லை.

மூன்றாவது, ஒவ்வோர் அங்கத்தவரும் தத்தம் வீட்டிலே மழைநீர் இறங்க ஒரு குழியேனும் அமைப்போம். தோட்டம் செய்வோர் பசளையின் அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு இடுவோம்.

நான்காவது, வாய்க்கால் திறந்தபின், மாரி கழிந்து குளத்திலே நீர் நிற்கும் காலத்திலே, சங்கத்தார் எல்லோரும் ஒருமுறை இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய் வருவோம். நீர் கேட்பதற்காக அன்று. அங்குள்ள விவசாயிகளைக் கண்டு, அவர்கள் வாய்க்காலும் வரவும் எவ்வாறு பகிர்கிறார்கள் என்று கற்றுக்கொள்வதற்காக. நமது குளத்தை நாம் காத்துவிட்டோம் என்று சொல்லக்கூடிய முகத்தோடு போவோம். அதன்பின் மிஞ்சி ஓடும் நீரைப் பற்றி உடன்பிறப்புகளாக இருந்து பேசலாம். அத்தகைய பேச்சுக்கே ஆறுமுகம் அவர்களின் பழைய திட்டமும் உயிர் பெறும்.

அன்பர்களே, செயலாளர் ஐயா கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுகின்றோம். ஆறே இல்லாத ஊரிலே ஆற்றைப் பற்றி என்ன பேசுவது? ஐயா, ஆறு இருக்கின்றது. இம்மண்டபத்தின் கீழே, நாம் இருக்கும் ஆசனங்களின் கீழே, ஓசையின்றி இருக்கின்றது. மாடு மேய்த்த அப்பெரியவர் சொன்னதே எமக்கும் சொல்லத் தோன்றுகின்றது: நாம் அதற்குள்ளேதான் நிற்கின்றோம். அதன் வாயிலிலே கிடக்கும் கல்லை அகற்றுவது நமது கையிலே இருக்கின்றது.

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்திலே யாம் மண்வெட்டியோடு நிற்போம். பெரியோர்கள் வந்து முதல் வெட்டு வெட்டித் தந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று பணிவோடு வேண்டுகின்றோம்.